தரகர் காட்டும் படகு
வாசகர் கேள்வி – பதில்: கடற்றொழில்

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, நான் முல்லைத்தீவு மாவட்டம் செம்மலைப் பகுதியில் வசிக்கிறேன். கடற்றொழிலாளியாக இருந்த என் கணவரையும் எங்கள் வள்ளத்தையும் 2009 இல் இழந்தோம். மூத்த மகன் இப்போது பிறருடைய படகில் கூலிக்குப் போகிறான். அவனுக்கென்று ஒரு படகு வாங்கிக் கொடுப்பதற்குக் கனடாவிலுள்ள என் தம்பி பணம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். புதியது வாங்குவது எங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது என்பதால், வவுனியாவில் வாகனம், காணி ஆகியவற்றுக்குத் தரகு பார்க்கும் ஒருவரிடம் சொல்லி வைத்தோம். அவர் 18 அடி பைபர் படகும் 25 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சினும் சேர்த்து 9 இலட்சம் ரூபாவுக்கு இருப்பதாகச் சொல்லி, வாட்ஸ்அப்பில் எட்டுப் படங்கள் அனுப்பியுள்ளார். படகு மேற்குக் கரையில் நிற்கிறதாம். "வேறு இரண்டு பேரும் கேட்கிறார்கள், ஒரு இலட்சத்தை என் கணக்கில் போட்டு விடுங்கள், பிடித்து வைக்கிறேன்" என்கிறார். உரிமையாளர் யார் என்று கேட்டால், "அதெல்லாம் எழுதுகிற நாளில் தெரியும் அக்கா" என்கிறார். முற்பணம் கொடுக்கலாமா? எவற்றையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

— வாசகி, செம்மலை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் முதற் கேள்விக்கு உடனே விடை சொல்லி விடுகிறேன். கொடுக்க வேண்டாம். உரிமையாளரின் பெயர் தெரியாமல், பதிவுச் சான்றிதழைக் காணாமல், உங்கள் மகனும் தொழில் தெரிந்த ஒருவரும் அந்தப் படகில் ஏறிக் கடலில் ஓடிப் பார்க்காமல், ஒரு இலட்சம் என்ன, ஆயிரம் ரூபாகூடக் கொடுக்க வேண்டாம். இதற்கிடையில் படகு வேறொருவரிடம் போய்விட்டால் போகட்டும். பாவித்த படகுகள் நம்முடைய கரைகளில் ஆண்டுதோறும் விலைக்கு வருகின்றன. உங்கள் தம்பி பனியிலும் குளிரிலும் உழைத்துச் சேர்த்த பணம் அப்படித் திரும்பி வராது.

தரகர்களெல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கொக்கிளாயிலிருந்து சுண்டிக்குளம் வரையும், அந்தப் பக்கம் பூநகரியிலிருந்து விடத்தல்தீவு வரையும் எந்தத் துறையில் எந்தப் படகு விலைக்கு நிற்கிறது என்பதை ஒரு குடும்பத்தால் தேடித் திரிந்து அறிய முடியாது. அதை அறிந்து சொல்பவருக்குக் கூலி கொடுப்பது நியாயமானது. ஆனால் அவருடைய வேலை எதுவோ அதற்குத்தான் கூலி. வாங்குபவரையும் விற்பவரையும் சந்திக்க வைப்பது அவருடைய வேலை. பொருள் அவருடையது ஆகாது. ஆகவே அதை விற்கும் உரிமையும், உரிமையாளர் எழுத்திலோ தெளிவான வாய்மொழியிலோ ஒப்படைத்தாலொழிய, அவருக்குக் கிடையாது. எங்கள் நாட்டில் இன்றும் நடைமுறையிலுள்ள 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் அடிப்படை விதியும் இதுதான்: உரிமையாளர் அல்லாத ஒருவர், உரிமையாளரின் அதிகாரம் இல்லாமல் ஒரு பொருளை விற்றால், வாங்கியவருக்கு விற்றவரிடம் இருந்ததைவிட மேலான உரிமை பொதுவாகக் கிடைக்காது. பணத்துக்கும் அப்படித்தான். தரகரின் கையில் நீங்கள் கொடுத்த முற்பணம் உரிமையாளருக்குக் கொடுத்ததாகக் கணிக்கப்பட வேண்டுமானால், பணம் பெறும் அதிகாரத்தை உரிமையாளர் அவருக்கு வழங்கியிருந்தார் என்பதை நாளைக்கு நீங்கள்தான் நிறுவ வேண்டியிருக்கும். பெயரே தெரியாத ஒருவர் அதிகாரம் கொடுத்தார் என்று எப்படி நிறுவுவீர்கள்?

இதை நான் ஏட்டறிவாக எழுதவில்லை. மீள்குடியேறிய பின், 2012 இல், என் அத்தானும் நானும் சேர்ந்து ஒரு தரகர் மூலம் படகும் எஞ்சினும் வாங்கினோம். படகு நன்றாக இருந்தது. எஞ்சினும் முதல் இழுவையிலேயே உயிர் பெற்றது. அந்த மகிழ்ச்சியில், எஞ்சினைப் பின்பலகையில் பிடித்திருக்கும் இரும்புப் பிடியில் அறையப்பட்டிருந்த இலக்கத் தகட்டை நாங்கள் வாசித்தோமே தவிர, உற்றுப் பார்க்கவில்லை. தகடு பழையது, எழுத்துகள் தேய்ந்து, உப்புப் பூத்து, ஓரம் வெளுத்திருந்தது. ஆனால் அதைப் பிடித்திருந்த சிறிய ஆணிகள் இரண்டும் பளபளவென்று புதியவை. ஏழு மாதங்கள் கழித்து, வேறு மாவட்டத்துத் தொழிலாளி ஒருவர், தன் எஞ்சின் கரையிலிருந்து களவு போனதாகப் பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டுடனும் வாங்கிய பற்றுச்சீட்டுடனும் வந்து நின்றபோதுதான், எஞ்சின் கட்டையில் (எஞ்சினின் உலோக உடலில்) பொறித்திருந்த இலக்கமும் தகட்டு இலக்கமும் வெவ்வேறானவை என்பது தெரிந்தது. எஞ்சின் வழக்குப் பொருளாகப் போனது. அந்தப் பருவம் முழுவதும் அத்தான் சவள் (துடுப்பு) வலித்துக் களப்புக்குள் (கடலோர உவர்நீர் ஏரிக்குள்) தொழில் செய்தார். தரகரைத் தேடிப் போனபோது அவர் கோபப்படாமலே சொன்னார்: "நான் காட்டித்தானே விட்டனான் தம்பி, எஞ்சினை நானா வித்தனான்?" அவர் சொன்னது மனச்சாட்சிக்குப் பொருந்தாது, ஆனால் எங்கள் கையில் அவருடைய கையெழுத்திட்ட துண்டு ஒன்றும் இல்லாத நிலையில், அதை மறுப்பதற்கு எங்களிடம் சொல்லும் இருக்கவில்லை.

எனவே, தரகரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று. உரிமையாளரின் பெயரும் ஊரும். படகின் பதிவு இலக்கம். எஞ்சினின் இலக்கத்தைத் தெளிவாகக் காட்டும் ஒரு படம். இந்த மூன்றையும் தர மறுக்கும் தரகரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. தன்னைத் தாண்டி நீங்கள் நேரே உரிமையாளரிடம் போய்த் தரகுக் காசை இல்லாமற் செய்து விடுவீர்களோ என்ற அச்சத்தில் சிலர் பெயரை மறைப்பதுண்டு. அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. அதைத் தீர்க்க எளிய வழி இருக்கிறது: "இந்தப் படகு உங்கள் மூலம் அறிந்தது, வாங்கினால் இவ்வளவு தரகு தருவோம், உரிமை மாற்ற விண்ணப்பத்தில் கையெழுத்தான அன்றே தருவோம்" என்று ஒரு தாளில் எழுதி, நீங்களும் அவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நேர்மையான தரகர் இதற்கு மகிழ்ச்சியுடன் உடன்படுவார். அதிலேயே, விற்பவரிடமும் அவர் தரகு பெறுகிறாரா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் பெறுவது குற்றமன்று. உங்களுக்குத் தெரியாமல் பெறுவதுதான் தவறு. உரிமையாளர் கேட்பது ஏழரை இலட்சமாக இருக்க, உங்களிடம் ஒன்பது என்று சொல்லி இடையிலுள்ளதைத் தரகர் எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. விலையை உரிமையாளரின் வாயால், தரகரும் உடனிருக்கக் கேட்டால் அந்தக் கதவு அடைபட்டு விடும்.

பெயரும் இலக்கமும் கைக்கு வந்தவுடன், படகைப் பார்க்கப் போவதற்கு முன்பே, முல்லைத்தீவிலுள்ள கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குச் செல்லுங்கள். அல்லது உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரைச் சந்தியுங்கள். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின்படி மீன்பிடிப் படகுகள் பதிவு செய்யப்பட வேண்டும். தொழில் செய்வதற்கான அனுமதிப்பத்திரம் அதிலிருந்து வேறானது, அதையும் பெற வேண்டும். பதிவு இலக்கத்தின் கடைசி மூன்று ஆங்கில எழுத்துகள் படகு எந்த மாவட்டத்தில் பதியப்பட்டது என்பதைக் காட்டும். பதிவேட்டில் யாருடைய பெயர் உள்ளது, என்ன நீளம் எழுதப்பட்டுள்ளது, படகின் மீது வங்கிக் கடனோ ஈடோ இருக்கிறதா, சட்டவிரோத மீன்பிடிக்காகப் பிடிபட்டு நீதிமன்றப் பிணையில் விடுவிக்கப்பட்ட படகா என்பவற்றையெல்லாம் விசாரிக்கச் சொல்லிக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்ய வேண்டாம். தடைசெய்யப்பட்ட முறையில் தொழில் செய்து அகப்பட்ட படகை, வழக்கு முடியும் வரை உரிமையாளர் பிணையில் பெற்று வைத்திருக்கலாம். அப்படிப்பட்ட படகை அவர் உங்களுக்கு விற்று, பின்னர் நீதிமன்றம் அதைப் பறிமுதல் செய்யுமானால், உங்கள் மகன் வெறுங்கையுடன் கரையில் நிற்க நேரிடும்.

நம்முடைய பிரதேசத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னரும், 2009 இன் பின் மக்கள் மீள்குடியேறிய காலத்திலும், பல படகுகளும் எஞ்சின்களும் உதவியாக வழங்கப்பட்டன. அவற்றுட் சில தனி ஒருவருக்கும், சில இரண்டு மூன்று குடும்பங்களுக்குப் பொதுவாகவும், சில சங்கத்தின் பெயரிலும் கொடுக்கப்பட்டவை. இன்று ஒருவர் "என்னுடையது" என்று விற்கும் படகில் மற்றொரு குடும்பத்துக்குப் பங்கு இருக்கலாம். விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்திருக்கலாம். ஆகையால், படகு நிற்கும் ஊரின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவரையோ செயலாளரையோ நேரிற் கண்டு பேசி, விற்பனைக்குத் தடையில்லை என்று ஒரு கடிதம் பெறுங்கள். அந்தத் துறையில் வலை தைத்துக்கொண்டிருக்கும் முதியவர்களிடமும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினால், பதிவேடு சொல்லாத பலவற்றை அவர்கள் சொல்வார்கள்.

இனிப் படகு. எட்டுப் படங்கள் அனுப்பினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படங்களில் படகின் அடிப்பக்கம் இருக்கிறதா, எஞ்சின் பூட்டும் பின்பலகையின் உட்புறம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இராது. அணியத்தை, அதாவது படகின் முன்பகுதியை, பக்கவாட்டில் நின்று எடுத்த படத்தில் எந்தப் படகும் அழகாகத்தான் தெரியும்.

பைபர் படகில் முதலில் கெடுவதும் கடைசியாகத் தெரிய வருவதும் பின்பலகைதான். வெளியில் பைபர் பூச்சு, உள்ளே ஒட்டுப்பலகை. எஞ்சின் பிடியின் திருகாணிகள் அழுத்தும் இடத்திலோ, துளையிட்ட இடத்திலோ ஒரு மெல்லிய வெடிப்பு உண்டானால் போதும். உப்புநீர் உள்ளே போய்ப் பலகையை ஆண்டுக்கணக்காக ஊற வைக்கும். வெளியே புதிய வர்ணம் பூசிவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மரப்பிடியுள்ள சுத்தியலின் பிடிப்பக்கத்தால் பலகை முழுவதையும் சாணுக்குச் சாண் தட்டிக் கேளுங்கள். நல்ல பலகை "டக் டக்" என்று இறுக்கமாக ஒலிக்கும். ஊறியது பழுத்த பூசணியைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். அதன் பின் எஞ்சினைப் பூட்டிச் சாய்த்து வைத்து, அதன் கால்பகுதியை ஒருவர் மெதுவாக மேலும் கீழும் அசைக்க, மற்றொருவர் பின்பலகை படகின் பக்கச் சுவர்களோடு சேரும் மூலைகளைக் கவனிக்க வேண்டும். அந்த மூலைகள் மயிரிழையளவு திறந்து மூடினாலும் அந்தப் படகு வேண்டாம். செம்மலைக் கடல் களப்பைப்போல் அமைதியானதன்று. கரையோர அலையை வெட்டிக்கொண்டு போகும்போது எஞ்சினின் பாரமும் தள்ளு விசையும் முழுவதும் அந்தப் பலகையின் மேல்தான் விழுகின்றன.

அடுத்து அடிப்பகுதி. மணலில் நாளுக்கு இரண்டு தடவை இழுபடும் படகின் ஏரா, அதாவது அடிமுதுகு, தேயாமல் இராது. தேய்ந்து பைபர் இழை வெளியே தெரிகிறதா, அதன் மேல் ஒட்டுப் போடப்பட்டிருக்கிறதா என்பதைப் படகைச் சரித்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டுப் போட்டிருப்பது குறையன்று. ஒட்டுப் போட்டதை மறைப்பதுதான் குறை. வெளியே எவ்வளவு வர்ணம் பூசினாலும், உட்புறத்தில் ஒட்டிய பைபர் இழைவிரிப்பின் விளிம்பு பெரும்பாலும் மேடாகத் தெரியும். விரலால் தடவிப் பார்த்தாலே போதும். படகை நகர்த்தும்போது வழமைக்கு மேல் ஆள் தேவைப்பட்டால், மிதவைக்காக உள்ளே வைத்து மூடிய நுரைப்பொருள் தண்ணீரைக் குடித்திருக்கிறது என்று ஐயுற வேண்டும். கரையில் இரண்டு நாள் வெயிலில் நின்ற படகின் அடித்துளையைத் திறந்தால் தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள்.

எஞ்சினுக்கு, விற்பவரோ தரகரோ அழைத்து வரும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த ஒருவரை, அவருக்கு ஒரு நாட்கூலி கொடுத்து, அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் போய்ச் சேரும்போது எஞ்சினின் மேல்மூடி கைக்குச் சூடாக இருந்தால், ஆறும் வரை காத்திருந்து பிறகு இழுத்துப் பாருங்கள்; ஏனெனில் சிரமப்பட்டு உயிர்பெறும் எஞ்சினை முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைப்பது பழைய தந்திரம். மண்ணெண்ணெய் எஞ்சின் பெற்றோலில் உயிர்பெற்றுப் பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாறுவது என்பதால், பெற்றோலில் ஐந்து நிமிடம் ஓடியதைக் கண்டு திருப்திப்படாமல், மண்ணெண்ணெயில் குறைந்தது அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். குளிர்விக்கும் நீர் பின்புறச் சிறுதுளையால் தடையின்றிப் பீறிட்டு வர வேண்டும். விட்டு விட்டு வந்தால் உள்ளே நீரிறைக்கும் றப்பர் விசிறி தேய்ந்திருக்கலாம் அல்லது நீர்வழிகளில் உப்பு அடைத்திருக்கலாம். முன்னது சிறு செலவு, பின்னது பெருஞ் செலவாகலாம். இரண்டு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளவுமானியால் அளந்து, ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்கு மேல் வேறுபடுகிறதா என்று மெக்கானிக் சொல்ல வேண்டும். கீழ்க் கியர்ப் பெட்டியின் அடித்திருகாணியைக் கழற்றிச் சிறிது ஒயிலை வெள்ளைத் துணியில் விடச் சொல்லுங்கள். பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது என்று பொருள். பளபளக்கும் இரும்புத் தூள் விரலில் ஒட்டினால் பற்சக்கரங்கள் தேய்ந்துகொண்டிருக்கலாம். எஞ்சின் காலின் நீளம் பின்பலகையின் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்பதையும் அளக்க வேண்டும். 15 அங்குலத்துக்கும் 20 அங்குலத்துக்கும் உரிய எஞ்சின்கள் வெவ்வேறு. வேறு படகிலிருந்து கழற்றி இந்தப் படகோடு சேர்த்து விற்கும்போது இந்தப் பொருத்தம் தவறிவிடுகிறது. இலக்கத் தகட்டின் ஆணிகளையும், எஞ்சின் கட்டையிலுள்ள இலக்கத்தையும், வாங்கிய பற்றுச்சீட்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதை நான் உங்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளோட்டம் வெறும் படகில் வேண்டாம். தொழிலுக்குப் போகும்போது ஏறும் ஆட்கள் ஏறி, வலைப் பாரத்துக்கு ஈடாக மண்மூட்டை வைத்து ஓட்டிப் பாருங்கள். இதற்குக் காலமும் பார்க்க வேண்டும். நம்முடைய கிழக்குக் கரையில் வாடைக்காற்றுத் தொடங்கும் கார்த்திகை மாதத்தையொட்டிப் படகுகள் கரையேறிவிடுவதால், பணத்தேவை உள்ளவர்கள் குறைந்த விலைக்கு விற்பார்கள். ஆனால் அப்போது கடலில் ஓட்டிப் பார்க்க இடமிராது. மேற்குக் கரையில் சோளகக் காலம், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் காலம், அப்படிப்பட்டது. அந்தக் காலத்தில் சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்துத் தொழிலாளர்கள் நெடுங்காலமாகக் கொக்கிளாய், நாயாற்றுக் கரைகளுக்கு வந்து வாடி (தற்காலிகக் குடில்) அடித்துத் தொழில் செய்வதும், பருவம் முடிந்து திரும்பும்போது சிலர் படகை விற்று விட்டுப் போவதும் உண்டு. உங்களுக்கு அவசரம் இல்லையென்றால், அப்படி நம்முடைய கடலிலேயே ஓடுகிற படகை, ஓடுகிறபோதே பார்த்து வாங்குவதைத்தான் நான் விரும்புவேன். மேற்குக் கரையிலிருந்து கொண்டுவருவதானால் லொறிக் கூலியையும், ஏற்றியிறக்கும் கூலியையும், புதிய மாவட்டத்தில் பதிவை மாற்றும் அலைச்சலையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். லொறியில் அடிப்பகுதிக்கு ரயர்கள் கொடுத்து, கயிறு பக்கச் சுவரை நெரிக்காமல் கட்டச் சொல்லுங்கள். கடலில் உடையாத படகு வீதியில் வெடித்து வந்த கதைகள் உண்டு.

எல்லாம் சரியாக அமைந்தால் எழுத்து வேலை. படகு அசையும் சொத்து என்பதால் காணியைப்போல் நொத்தாரிசு உறுதி கட்டாயமில்லை. ஆயினும் ஒரு சட்டத்தரணி மூலம் விற்பனை உடன்படிக்கை எழுதுங்கள். விற்பவர் சிங்களம் பேசுபவராயின் இரு மொழியிலும் எழுதி, இருவருக்கும் வாசித்துக் காட்டச் செய்யுங்கள். படகின் பதிவு இலக்கம், நீளம், எஞ்சினின் இலக்கம், குதிரைவலு, மொத்த விலை, படகும் எஞ்சினும் கடன், ஈடு, வழக்கு எதுவும் அற்றவை என்ற உறுதிமொழி, பிறகு எவராவது உரிமை கோரினால் பணத்தைத் திருப்பித் தருவதான பொறுப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். தரகர் சாட்சியாகக் கையெழுத்திடட்டும். அன்றைக்கே உரிமை மாற்ற விண்ணப்பத்தில் விற்பவரின் கையெழுத்தையும் அடையாள அட்டைப் பிரதியையும் வாங்கி விடுங்கள். பணத்தை உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்ப வேண்டும். சிறு தொகையொன்றைத் திணைக்களத்தில் பெயர் மாறும் வரை நிறுத்தி வைப்பதாக உடன்படிக்கையிலேயே எழுதிக்கொண்டால், விற்பவரும் அலுவலகத்துக்கு வரத் தாமதிக்க மாட்டார். முற்பணம் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், அது எந்தப் படகுக்கு, எந்த நாள்வரை, வெள்ளோட்டத்தில் குறை கண்டால் முழுவதும் திருப்பித் தரப்படும் என்ற வாசகத்துடன், உரிமையாளரின் கையெழுத்திட்ட பற்றுச்சீட்டுக்குக் கொடுங்கள்.

படகை எந்தப் பெயரில் பதிவது என்பதை உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்கவில்லை; நானாகவே சொல்கிறேன். பணம் தம்பியுடையது, தொழில் மகனுடையது, பொறுப்பு உங்களுடையது. உங்கள் பெயரிலேயே படகைப் பதியுங்கள். மகன் உங்கள் துறைச் சங்கத்தில் உறுப்பினராகித் தொழிலுக்குரிய ஆவணங்களைத் தன் பெயரில் எடுக்கட்டும். தொழில் செய்யப் படகும் துறையும் இரண்டும் வேண்டும். வெளியிலிருந்து வரும் படகைத் துறையில் ஏற்றச் சங்கத்தின் இசைவு தேவைப்படும் என்பதால், வாங்கு முன் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி:

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தரகர் ஒருவர் மூலம் படகொன்று வாங்கினேன். முழுப் பணமும் கொடுத்தேன். படகும் என்னிடம் உள்ளது. பெயர் மாற்றம் "பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போய், இப்போது விற்றவர் காலமாகி விட்டார். அவருடைய பிள்ளைகள் படகைத் திருப்பிக் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

— வாசகர், கிராஞ்சி

பதில்:

விலை கொடுத்து, படகும் கைமாறியிருக்குமாயின் விற்பனை நடந்து விட்டது என்று வாதிட உங்களுக்கு வலுவான இடமுண்டு. பதிவேட்டில் பழைய பெயர் இருப்பது மட்டும் அதை இல்லாமற் செய்து விடாது. ஆனால் நடந்ததைக் காட்டும் சான்றுகளை இப்போதே திரட்ட வேண்டும். வங்கியில் பணம் எடுத்த நாளும் தொகையும் காட்டும் கணக்குப் புத்தகம், அந்தக் காலக் கைத்தொலைபேசிச் செய்திகள், இரண்டு ஆண்டுகளாகப் படகை நீங்களே ஓட்டித் திருத்திய பற்றுச்சீட்டுகள், சங்கச் செயலாளரின் கடிதம், தரகரின் சத்தியக்கடதாசி ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தரகர் இதற்குப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். அது அவர் அப்போதே செய்து முடித்திருக்க வேண்டிய வேலையின் மிச்சம்.

பிள்ளைகளோடு சண்டைக்குப் போகாதீர்கள். தந்தை விற்றது அவர்களுக்கு உண்மையாகவே தெரியாதிருக்கலாம். சங்கத்தின் முன்னிலையில் சான்றுகளைக் காட்டிப் பேசி, அவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டால், பரிசோதகர் மூலம் பெயர் மாற்றத்துக்கு வழி பிறக்கும். உடன்படாவிட்டால், 1988 ஆம் ஆண்டின் சட்டப்படி இயங்கும், பிணக்குகளைப் பேசித் தீர்க்க உதவும் மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கு சட்டத்தரணி தேவையில்லை. அதற்கும் அப்பால் போக வேண்டி வந்து, வழக்குச் செலவுக்கு வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடுங்கள். அதுவரை படகை விற்கவோ, வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோகவோ வேண்டாம்.

கேள்வி:

15 குதிரைவலு எஞ்சினுடன் தொழில் செய்கிறேன். அதைக் கொடுத்துவிட்டு, மேலதிகப் பணத்துடன் 25 குதிரைவலுப் பழைய எஞ்சினை எடுக்கும்படி தரகர் வற்புறுத்துகிறார். நல்லதா?

— வாசகர், விடத்தல்தீவு

பதில்:

உங்கள் கடல் ஆழம் குறைந்தது, பாசித்தரை மிகுந்தது. நீங்கள் எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று எழுதவில்லை. கரைக்கு அண்மையில் நண்டு வலையும் மீன் வலையும் போடுவதாயின், பெரிய எஞ்சினின் வேகத்தால் நீங்கள் மிச்சம் பிடிக்கும் நேரத்தைவிட, அது குடிக்கும் எண்ணெய் கூடுதலாக இருக்கும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தபோது, பெரிய எஞ்சின் வைத்திருந்தவர்கள்தாம் முதலில் படகைக் கரையில் ஏற்றி வைத்தார்கள் என்பதை நம்முடைய கரைகளில் கண்டோம். உங்கள் பின்பலகை 25 குதிரைவலு எஞ்சினின் பாரத்தைத் தாங்குமா என்பதும் வேறு கேள்வி. இந்த மாற்றத்தில் உறுதியாக இலாபம் பெறுபவர், இரண்டு எஞ்சின்களுக்கும் தரகு பெறுபவரே. உங்கள் 15 நன்றாக இயங்கினால், அந்த மேலதிகப் பணத்தில் அதற்கொரு புதிய நீரிறைக்கும் விசிறியும் ஒரு உதிரி விசிறியும் வாங்கி, நாளாந்தம் தொழில் முடிந்ததும் நன்னீரில் ஓட்டிக் கழுவுவதற்கு ஒரு பெரிய பீப்பாவையும் வாடியடியில் வையுங்கள்.